கிராஸ் வெட்டியது நான்தான், எத்திராஜு

என் கூடப் பிறந்தவனே, எத்திராஜு,

நீ போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. நீ உயிரோடு இருந்தபோதே உன்னிடம் நான் பேசாமல் இருந்தது ஆறு வருஷம். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான், எழுத்து கோணலாகத்தான் வரும். ஆனாலும் இதை இன்னொருத்தர் கையால் எழுதவைக்க மனசு வரவில்லை. உன்னைத் திட்டும்போது என் வாயால்தானே திட்டினேன்?

இது உனக்கு மட்டும் இல்லை. எண்ணூர் போட் ஷெட்டில், போட் வார்க்கிற அச்சான மோல்டு வைத்திருக்கும் சுவரில் இதை ஒட்டச் சொல்லியிருக்கிறேன். உன்னோடு நின்று போட் செய்தவர்கள், அன்றைக்கு நான் போட்ட கூச்சலைக் கேட்டவர்கள், எல்லாரும் படிக்கட்டும். படிக்கத் தெரியாதவர்களுக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் வாசித்துக் காட்டட்டும்.

முதலில் இங்கத்திய சேதி. என் மகள் கஸ்தூரிக்குப் பையன் பிறந்து நாலு வயசாகிறது. நம் வீட்டில் வேறு யாருக்கும் இல்லாத மூக்கு, அச்சாக உன் மூக்கு. அவனைக் குளிப்பாட்டும்போதெல்லாம் எரிச்சலாக இருக்கும், எங்கே போனாலும் இந்த எத்திராஜு மூஞ்சி வந்து நிற்கிறதே என்று. திருவொற்றியூரில் நம் தெருவுக்கும் கடலுக்கும் நடுவே கல் கொட்டிவிட்டார்கள். உன் மாமா, என் வீட்டுக்காரர், முட்டியை நீட்டிக்கொண்டு அந்தக் கல் மேல் உட்கார்ந்துதான் வலை பின்னுகிறார். மழை வருவது வானத்துக்குத் தெரிவதற்கு முன்னால் அவர் முட்டிக்குத் தெரிந்துவிடுகிறது.

அந்த முட்டியைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

உனக்கு ஞாபகம் இருக்கும், எனக்கு எதுவும் மறக்காது. ராயபுரத்திலிருந்து பஸ் ஏறி வந்து என்னிடம் ஜாக்கெட் தைத்துக்கொண்டு போவார்கள், கிராஸ் கட்டிங்குக்காக. துணியை நூல் வாக்கில் நேராக வெட்டாமல், மூலைவாட்டில் சாய்த்து வெட்டினால் அது உடம்போடு வளைந்து உட்காரும். எந்தச் சுருக்கமும் விழாது. அந்த வெட்டு எல்லாருக்கும் வராது, எனக்கு வரும். அதில் எனக்குக் கர்வம் உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன்.

அப்போதுதான் கட்டுமரத்தை விட்டுவிட்டு ஆளாளுக்கு பைபர் போட்டுக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். எண்ணூர் ஷெட்டில் நீ மேஸ்திரி. ஒருநாள் வாசலில் வந்து நின்று, "யக்கா, நம்ம ஷெட்டுல கத்திரி புடிக்கத் தெரிஞ்ச ஆளு இல்ல. ஆம்பளைங்க கண்டமேனிக்கு வெட்றானுங்க. நீ வாயேன்" என்றாய். உன் மாமாவின் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்தேன். போட் செய்கிற அந்தக் கண்ணாடி நூல் துணி கோணியைப் போல நெய்தது, ஆனால் பளபளவென்று வெள்ளை. அதன் தூசு பட்டு முதல் வாரம் முழுக்க உடம்பைச் சொறிந்துகொண்டே இருந்தேன். நீ சிரித்தாய்.

மோல்டுக்குள் துணியை விரித்து, பசை போன்ற ரெசினை ஊற்றி, ரோலரால் தேய்த்து, அதன்மேல் இன்னொரு துணி. இப்படி அடுக்கடுக்காக ஏற்றினால் காய்ந்ததும் போட். இதுதான் வேலை என்று எனக்கு ஒரே நாளில் விளங்கிவிட்டது. நூல் முன்னாலிருந்து பின்னால் நேராக ஓடும்படி நீங்கள் துணியைப் போடுவீர்கள். பின்பக்கத்தில், அடித்தளம் வளைந்து இன்ஜின் சுவரில் ஏறுகிற மூலை வரும்போது மட்டும் துணி சுருங்கிக்கொள்ளும். பசங்கள் அதைக் கத்தியால் கீறி, மடக்கி, அமுக்கி வைப்பார்கள். பார்க்கவே எனக்குக் கையெல்லாம் பரபரக்கும். யாராவது ஒரு ஜாக்கெட்டை அப்படித் தைத்தால் முகத்தில் விட்டெறிய மாட்டார்களா?

நான் துணியை மூலைவாட்டில் திருப்பிப் போட்டு, கிராஸில் வெட்டி, அந்த வளைவில் வைத்தேன். ஒரு மடிப்பு இல்லை. தோல் போல உட்கார்ந்தது. ஷெட்டில் இருந்த அத்தனை பேரும் ரோலரை வைத்துவிட்டு வந்து பார்த்தார்கள். நீ மட்டும் தலையைச் சொறிந்தாய்.

"நூலு நேரா போவணும்னு எங்களுக்குச் சொல்லிக் குடுத்தாங்கக்கா" என்றாய்.

"சொல்லிக் குடுத்தவன் ஒரு ஜாக்கெட்டாச்சும் தச்சுக்கீறானா?" என்று கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். அப்போது நீ சிரிக்காமல் இருந்திருக்கலாம், எத்திராஜு. இல்லை, இதையும் உன் தலையில் போடப் பார்க்கிறேன். பழக்கம் போகமாட்டேன் என்கிறது.

கிராஸில் போட்ட முதல் போட் உன் மாமாவுடையது. அடுத்தடுத்து இன்னும் ஆறு. மூலைக்கு மட்டும் என்று ஆரம்பித்தவள், அழகாக வருகிறதே என்று இன்ஜின் உட்காருகிற தளம் முழுக்கவே கிராஸாக வெட்டிக் கொடுத்தேன். அந்த ஏழு போட்டும் பின்னால் கண்ணாடி போல வழவழவென்று இருந்தன. தூக்கி இறக்கினோம், ஏறிக் குதித்துப் பார்த்தோம். ஒன்றும் ஆகவில்லை. கொஞ்சம் வளைந்து கொடுத்தது. வளைந்து கொடுப்பது நல்லதுதானே என்று நான் சொன்னேன்.

இரண்டு வருஷம் உன் மாமா போட் நன்றாகத்தான் ஓடியது. அப்புறம் பின்பக்கத்தில் வெள்ளை வெள்ளையாகப் படர ஆரம்பித்தது, பிளாஸ்டிக் குடத்தை நசுக்கினால் விழுமே அந்த வெள்ளை. உன் மாமா என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். நான் முந்தானையால் துடைத்துப் பார்த்துவிட்டு உப்பு என்றேன். துடைத்தும் அது போகவில்லை. அதை நான் பார்த்தேன், ஆனாலும் உப்பு என்றேன்.

ஒருநாள் காலையில், கரைக்குத் திரும்பும்போது, இன்ஜின் உட்கார்ந்திருந்த தளம் அப்படியே கிழிந்து வந்தது. இன்ஜின் சாய்ந்து, அதன் நீள இரும்புத் தண்டு அவர் முட்டியில் விழுந்தது. வேறு இரண்டு போட்டுக்காரர்கள் எங்கள் போட்டைக் கட்டி இழுத்து வந்தார்கள். அத்தோடு அவருக்குக் கடல் முடிந்தது.

மறுநாள் நான் ஷெட்டுக்கு வந்தேன். அன்றைக்கு நான் பேசியதை இங்கே முழுசாக எழுதமாட்டேன், சுவரில் ஒட்டப்போகிற காகிதம். முன்னே ஒரு தடவை ஒரு தண்ணித் தொட்டிக்கு நாள்பட்ட ரெசினை நீ ஊற்றியது எனக்குத் தெரியும். அதை எடுத்து வைத்துக்கொண்டேன். "மாமன் போட்டுக்கும் அதே கலீஜ் ரெசினத்தானே ஊத்துன" என்று கேட்டேன். நீ இல்லை என்றாய். நான் விடவில்லை. ஷெட்டுக்கு வெளியே லாரிக்காரர்கள் கூட இறங்கி வந்து வேடிக்கை பார்த்தார்கள்.

கடைசியில் நீ சொன்னாய், "ரெசின்ல ஒண்ணும் இல்ல. துணிய யாரு வெட்னது, அத்த சொல்லு மொதல்ல."

அந்த ஒரு வார்த்தை. எட்டு வருஷம் அதை நான் வைத்திருந்தேன். தன் தப்பை மறைக்க, கூடப் பிறந்தவளை நாலு பேர் முன்னால் மாட்டிவிட்டான் என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன். அதற்கப்புறம் நீ அந்த மீதி ஆறு போட்டையும் ஒவ்வொன்றாகக் கரைக்கு இழுத்து வந்து, பின்பக்கத்தைச் சுரண்டி, புதுசாக அடுக்குப் போட்டுக் கொடுத்தாய். "பாத்தீங்களா, தப்பு பண்ணவன்தான் ஓடி ஓடி ஒட்டுப் போடுவான்" என்று அதையும் நான்தான் ஊரெல்லாம் சொன்னேன். ஊர் நம்பியது. ஏன் நம்பாது, அக்காவே சொல்கிறாளே?

அதற்கு முன்னால் நடந்த கஸ்தூரி கல்யாணத்தைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கடிதத்துக்கு அர்த்தமே இல்லை. கொருக்குப்பேட்டை மண்டபத்துக்கு நீயும் உன் பெண்டாட்டி அம்சாவும் தாய்மாமன் சீர்த் தட்டோடு வந்தீர்கள். பட்டுப் புடவை, மாலை, பழம். அரக்கு நிறப் புடவை, மாம்பழ பார்டர். நான் வாசற்படியிலேயே நின்றுகொண்டேன்.

"பொண்ணுக்கு மாமன் முறைக்கு ஆளு பாத்தாச்சு. நீ போலாம்" என்றேன்.

நீ தட்டோடு திரும்பினாய். அம்சாதான் என்னைப் பார்த்தாள். உன் மாமாவின் அத்தை மகனை உட்காரவைத்து முறை செய்தேன். தாய்மாமன் உயிரோடு நாலு தெரு தள்ளி இருக்கும்போது, இன்னொருத்தன் கையால் மாலை வாங்கினாள் என் மகள். மேடையில் அழுதுகொண்டே இருந்தாள். ஓமப்புகை என்று சொன்னேன். எனக்கு எப்போதும் ஒரு உப்பு, ஒரு புகை கிடைத்துவிடுகிறது.

நீ வயிறு வீங்கி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது உன் மாமா அந்தக் காலை இழுத்துக்கொண்டு தினமும் வந்து பார்த்தார். வீட்டுக்கு வந்து என்னிடம் எதுவும் சொல்லமாட்டார், நானும் கேட்கமாட்டேன். மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்கு உன்னைத் தூக்கிக்கொண்டு போனபோது நான் உன் தெரு முனையில் பால் பூத்துக்குப் பின்னால் நின்றேன். தாரை தப்பட்டைச் சத்தத்தில் யாரும் என்னைப் பார்க்கவில்லை. யாராவது பார்த்துக் கூப்பிட்டிருந்தால் முன்னால் வந்திருப்பேனா? தெரியவில்லை.

இனி இந்த மாசத்துக் கதை.

கஸ்தூரி வீட்டுக்காரனுக்குப் புது போட் செய்ய ஏற்பாடாகி, அது உன் ஷெட்டில்தான் என்று முடிவாகிவிட்டது. இன்னொரு முட்டி போகவேண்டுமா? துணியை நானே வெட்டுகிறேன், ரெசினை நானே முகர்ந்து பார்க்கிறேன் என்று கிளம்பினேன். உன் மாமா வலையிலிருந்து தலையைத் தூக்காமலே, "கத்திரி எட்துகினியா?" என்று மட்டும் கேட்டார்.

ஷெட்டில் துணி வெட்டுகிற மேசையில் அம்சா. உன் முழுக்கைச் சட்டையைப் போட்டிருந்தாள். அவள் அங்கே வேலை செய்கிறாள் என்று எனக்குத் தெரியாது. கத்தரியை நிறுத்தாமல் பேசினாள்.

"இன்னா அண்ணி, இத்தினி வருசம் கயிச்சு வயி தெரிஞ்சுதா?"

"மருமவன் போட்டுக்குத் துணி வெட்ட வந்தேன். நீ தள்ளு" என்றேன்.

"வெட்டு. கிராஸாத்தானே வெட்டப்போற? இந்தவாட்டி யாரு காலு?"

நான் அவளை அறைந்திருப்பேன். கையை ஓங்கியும்விட்டேன். அவள் நகரவில்லை. கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, "வா, அவுரு வச்சிட்டுப் போனத்த பாத்துட்டு அப்பால அடி" என்று என்னைப் பின்னால் கூட்டிக்கொண்டு போனாள்.

தார்ப்பாயை எடுத்தாள். ஒரு பழைய கிரைண்டர் மோட்டார், பெல்ட், ஒரு சக்கரம். சக்கரத்தில் நடுவில் இல்லாமல் ஓரமாக ஒரு போல்ட். போட் துண்டு ஒன்றை ஒரு முனையில் இறுக்கிப் பிடித்து, மறுமுனையை அந்த போல்டில் மாட்டினால், சக்கரம் சுற்றச் சுற்ற அது மேலும் கீழும் வளைந்துகொண்டே இருக்கும், கடலில் இன்ஜின் தளம் வளைவது போல. கஸ்தூரி கல்யாணத்துக்கு அப்புறம் ஒரு மாசம் உட்கார்ந்து நீ செய்தாயாம். துண்டு துண்டாக மாட்டி ஓட்டிப் பார்த்தாயாம். அதற்கப்புறம்தான் அந்த ஆறு போட்டையும் கரைக்கு இழுத்தாயாம்.

எனக்கு நம்பிக்கை இல்லை. செத்தவன் வைத்துவிட்டுப் போன துண்டில் என்ன ரெசினோ, யார் கண்டது? நானே வெட்டுகிறேன் என்றேன். ஒரே துணியில் ஒரு பட்டை நேராக, ஒரு பட்டை கிராஸாக. ஒரே வாளி ரெசின், அதையும் என் கண் முன்னாலேயே கலக்கச் சொன்னேன். அம்சா சிரித்தாள். "போலீஸ்ல சேந்துக்கோ அண்ணி" என்றாள். நன்றாகக் காயட்டும் என்று நாலு நாள் விட்டோம். அந்த நாலு நாளும் பட்டைகளை என் டிபன் கூடையில் போட்டு வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன், அவள் மாற்றிவிடுவாள் என்று.

முதலில் கையால் வளைத்துப் பார்த்தேன். இரண்டும் ஒடியவில்லை. கிராஸ் கொஞ்சம் கூடுதலாக வளைந்தது, அவ்வளவுதான். முதல் நாள் வளைத்துப் பார்த்தால் இரண்டும் தாங்கும். அதில்தான் நான் ஏமாந்தேன்.

பக்கத்தில் பக்கத்தில் மாட்டி மோட்டாரைப் போட்டாள். இரண்டு பேரும் ரெசின் டின்னைக் கவிழ்த்துப் போட்டுக் குந்தினோம். எட்டு வருஷத்துப் பகை, நடுவில் தடதடவென்று ஒரு கிரைண்டர் மோட்டார். மத்தியானத்துக்குள் கிராஸ் பட்டையில் வெள்ளை படர ஆரம்பித்தது. நான் முந்தானையால் துடைக்கவில்லை. மோட்டாரை நிறுத்தித் தொட்டுப் பார்க்கச் சொன்னாள். காய்ச்சல்காரன் நெற்றி போலச் சுட்டது. நேர்ப் பட்டையைத் தொட்டேன், சும்மா வெதுவெதுப்பு.

அப்போது கரண்ட் போய்விட்டது. அந்த அமைதியில் அம்சா எனக்கு விளக்கினாள், நீ அவளுக்குச் சொன்னதை. "நேரா போட்டா இயுக்கிறத நூலு வாங்கிக்குது. கிராஸா போட்டா ரெண்டு பக்க நூலும் கத்திரி மாரி தொறந்து மூடுது, நடுவுல மாட்டிக்கினு ரெசின்தான் அல்லாத்தையும் வாங்குது. ஒரு தபா தாங்கும். தெனிக்கும் வாங்குனா அது இன்னா பண்ணும், பாவம்?"

எனக்கு ஏன் அது விளங்காமல் போயிற்று? கிராஸ் துணி இழுத்த இழுப்புக்கு வரும் என்று இந்த ஊரிலேயே என்னைவிட நன்றாகத் தெரிந்தவள் யார்? ஜாக்கெட்டில் அந்தக் குணத்துக்காகத்தானே அப்படி வெட்டினேன்? உடம்புக்கு நல்லது இன்ஜினுக்கும் நல்லது என்று என் கர்வம் சொன்னது. நீ தலையைச் சொறிந்தது சரிதான்.

"ஏண்டி அவன் என்கிட்ட வந்து சொல்லல?" என்று கேட்டேன்.

அம்சா நின்றுபோன சக்கரத்தைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றினாள். "கெளம்புனாரு. துண்டுங்கள பையில போட்டுகினு செருப்பு மாட்னாரு. நான்தான் வாணாம்னேன். தட்ட திருப்பி அனுப்ன வூட்டு வாசல்ல போயி நிக்காதேன்னேன்." பிறகு, "உம்மேல இருந்த கோவத்துல சொல்லிட்டேன் அண்ணி. அவுரு செருப்ப கயிட்டிட்டாரு" என்றாள்.

அவளை நான் திட்டவில்லை. எந்த வாயால் திட்டுவது?

கரண்ட் வந்தது. சாயங்காலத்துக்குள் கிராஸ் பட்டை தொய்ந்து, நடுவில் நாராகக் கிழிந்து தொங்கியது. உன் மாமாவின் போட் கிழிந்த அதே கிழிசல், எனக்கு மறக்குமா? நேர்ப் பட்டை ஓடிக்கொண்டே இருந்தது. அதில் அங்கங்கே மெல்லிசாக வெள்ளைக் கோடு விழுந்ததே தவிர விறைப்பு போகவில்லை. மறுநாளும் போய் உட்கார்ந்தேன், அதற்கு மறுநாளும். அதுவும் கிழிந்தால் தேவலை என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன், உன்னிடம் மறைக்கமாட்டேன். அது கிழியவில்லை. மூன்றாவது நாள் நானே எழுந்துபோய் மோட்டாரை நிறுத்தினேன்.

வீட்டுக்கு வந்து உன் மாமாவிடம், "உன் கால ஒடச்சது நான்தான்" என்றேன். அவர் நூலைப் பல்லால் கடித்துவிட்டு, "அது தெரியும். எத்திராஜு ஆஸ்பத்திரில சொன்னான்" என்றார். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "உங்கிட்ட யாரு சொல்றது?" என்றார்.

வீட்டில் ஒருத்தர் கூட என்னிடம் உண்மையைச் சொல்லத் துணியாதபடி நான் இருந்திருக்கிறேன். நீ ஒருத்தன்தான் துணிந்தாய், அன்றைக்கு ஷெட்டில், ஒரே ஒரு தடவை. அதற்குத்தான் அத்தனையும் செய்தேன். ஆஸ்பத்திரியில் அவரிடம் சொன்னபோது கோபமாகச் சொன்னாயா, எத்திராஜு? இல்லை, அக்கா மனசு தாங்காது, சொல்லிவிடாதே என்று சொன்னாயா? அவரிடம் கேட்டால் வலையைப் பார்க்கிறார்.

மருமகன் போட்டுக்குத் துணி வெட்டி முடித்தாயிற்று. நானும் அம்சாவும் வெட்டினோம். எல்லாம் நூல் வாக்கில் நேராக. அந்தப் பாழாய்ப்போன மூலைக்கு மட்டும் ஜாக்கெட்டுக்குப் பிடிப்பது போல டாட் பிடித்து, கூராக ஒரு துண்டை வெட்டி எடுத்து ஓரங்களைச் சேர்த்து, ஒரு அடுக்கின் வெட்டு மேல் அடுத்த அடுக்கின் வெட்டு வராதபடி தள்ளித் தள்ளி மேலேற்றிப் போட்டோம். வழவழவென்று இல்லை, ஒட்டுத் தெரிகிறது. தெரியட்டும். அம்சா என்னைவிட நன்றாக வெட்டுகிறாள், அதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை போட்டைக் கடலில் இறக்குகிறோம். பூசணிக்காய் உடைக்க எல்லாரும் வருவார்கள், அன்றைக்கு ஷெட்டில் நின்றவர்களில் இருக்கிறவர்கள் அத்தனை பேரும். அவர்கள் முன்னால் சொல்லப்போகிறேன். ரெசினில் ஒன்றும் இல்லை, துணியை வெட்டியது நான், எத்திராஜு சொன்னது சரி, நான் சொன்னது பொய். காகிதத்தில் எழுதிவிட்டேனே என்று வாயை மூடிக்கொண்டு இருக்கமாட்டேன். உன்னைத் திட்டிய அன்றைக்கு எந்தக் குரலில் கத்தினேனோ அதே குரலில், லாரிக்காரனுக்கும் கேட்கிற மாதிரி சொல்வேன். இது சத்தியம்.

உன்மேல் பழி போட்ட, உன் கூடப் பிறந்த அக்கா,
தனம்